கீசர் கோளாறு: வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை

வெந்நீர் வரவில்லை என்றால் "காயில் போயிடுச்சு" என்று சொல்லிப் புதுக் காயிலை மாட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். பல நேரம் காயில் நன்றாகவே இருக்கும். போனது தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டாகவோ, பிளக் டாப்பாகவோ, தெருவிலிருந்து வரும் வோல்டேஜாகவோ இருக்கும். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் இந்த நான்கில் எந்த இரண்டைத் தெரிந்துகொண்டாலும் மற்ற இரண்டும் கணக்கில் வந்துவிடும். ஆகவே இரண்டு எண்களை அளக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கீழே உள்ள எண்கள் 2000 வாட் ஸ்டோரேஜ் கீசருக்குப் போட்டவை. உங்களுடையது வேறு வாட் என்றால் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அளக்கும் முன்

தேவையான கணக்கு இவ்வளவுதான்:

வாட் = வோல்ட் × ஆம்பியர்
ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்
ஓம் = வோல்ட் × வோல்ட் ÷ வாட்
வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

கீசர் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட்டும் வோல்ட்டும் இருக்கும். 230 வோல்ட் என்று போட்டிருந்தால் காயில் காட்ட வேண்டிய ஓமும் இழுக்க வேண்டிய ஆம்பியரும் இப்படி:

- 1000 வாட்: 52.9 ஓம், 4.3 ஆம்பியர்
- 1500 வாட்: 35.3 ஓம், 6.5 ஆம்பியர்
- 2000 வாட்: 26.5 ஓம், 8.7 ஆம்பியர்
- 3000 வாட்: 17.6 ஓம், 13 ஆம்பியர்

ஸ்டிக்கரில் 240 வோல்ட் என்று இருந்தால் 2000 வாட் காயில் 28.8 ஓம் காட்டும். அதை 230 வோல்ட்டில் ஓட்டினால் 1837 வாட்தான் கிடைக்கும். இது கோளாறு இல்லை. புதுக் காயிலிலேயே கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால், 230 வோல்ட் 2000 வாட் காயிலுக்கு 25-லிருந்து 29 ஓம் வரை எது வந்தாலும் நல்ல காயில்தான்.

ஓம் அளப்பது எப்போதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு. கரண்ட் இருக்கும்போது ஓம் ரேஞ்சில் புரோப் வைத்தால் மீட்டர் போகும், சில நேரம் கையும் சுடும். மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். 0.2, 0.5 என்று ஏதோ ஒன்று காட்டும். அது ஒயரின் ஓம். பிறகு வரும் அளவிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கீசரைத் திறக்காமலே காயிலை அளக்க ஒரு வழி: பிளக்கைப் பிடுங்கி, டாப்பில் இருக்கும் பெரிய எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்னிலும் புரோப் வையுங்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், தெர்மோஸ்டாட் குமிழ் உச்சத்தில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட், கட்-அவுட் (தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டை வெட்டுவது), காயில் மூன்றும் வரிசையாக இருப்பதால் மூன்றும் சரியாக இருந்தால்தான் 26 ஓம் வரும். டிஸ்பிளே, ரிமோட், வைஃபை உள்ள மாடல்களில் இது நடக்காது. அவற்றில் உள்ளே ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச், இருக்கும். கரண்ட் இல்லாதபோது அது திறந்தே கிடக்கும், அதனால் நல்ல கீசரும் எதுவும் காட்டாது. அதைப் பார்த்துக் காயிலை மாற்றிவிடாதீர்கள்.

வாட் அளக்க எதையுமே தொட வேண்டாம். ஈபி மீட்டர் போதும். மீட்டரில் மினுக்கும் சிவப்பு லைட் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் என்று அச்சிட்டிருக்கும்: 3200, 1600 போன்ற எண். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, கீசரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள்.

வாட் = ஒரு நிமிட மினுக்கு × 60,000 ÷ பல்ஸ் எண்

3200 பல்ஸ் மீட்டரில் 2000 வாட் கீசர் நிமிடத்துக்கு 107 தடவை மினுக்கும். கண் தவறும், அதனால் செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுவது நல்லது. இரண்டு நிமிடம் எண்ணி இரண்டால் வகுத்தால் இன்னும் துல்லியம்.

அறிகுறி 1: சுவிட்ச் போட்டால் லைட்கூட எரியவில்லை

முதலில் சாக்கெட்டைச் சோதியுங்கள். செல்போன் சார்ஜரைச் செருகி "கரண்ட் வருதே" என்று முடிவு கட்டக் கூடாது. சார்ஜர் இழுப்பது மிகக் கொஞ்சம். பாதி கருகிய கான்டாக்ட்டிலும் அது வேலை செய்யும். 750 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகுங்கள், அது 3.3 ஆம்பியர் இழுக்கும். பெட்டி சூடானால் சாக்கெட்டில் கரண்ட் வருகிறது. சார்ஜர் ஓடி, பெட்டி சூடாகவில்லை அல்லது விட்டுவிட்டுச் சூடாகிறது என்றால் சுவிட்ச், சாக்கெட் அல்லது பின்னால் உள்ள ஜாயின்ட் லூஸ். டெஸ்டர் எரிவதும் இதற்குச் சாட்சி ஆகாது. நியூட்ரல் அறுந்திருந்தாலும் பேஸில் டெஸ்டர் எரியும்.

சாக்கெட் சரி என்றால் அடுத்து பிளக் டாப். திறந்து பாருங்கள், ஸ்குரூ லூஸாகி ஒயர் வெளியே வந்திருக்கும், அல்லது முனை கருகியிருக்கும். கருகிய பகுதியை நறுக்கிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்படி சீவி மாட்டுங்கள். டாப்பின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் டாப்பையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஏன் என்பது அறிகுறி 4-இல்.

அறிகுறி 2: லைட் எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே வருகிறது

பிளக்கைப் பிடுங்கி, மேலே சொன்னபடி இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள்.

*26 ஓம் பக்கம் வருகிறது:* உள்ளே எல்லாம் சரி. கோளாறு கரண்ட் வரும் வழியிலோ தண்ணீர் போகும் வழியிலோ இருக்கிறது. மீட்டர் மினுக்கை எண்ணுங்கள். 107 பக்கம் வந்தால் தண்ணீர் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணீர் கலக்கிறது, அல்லது இன்லெட், அவுட்லெட் மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இது பிளம்பர் வேலை.

*எதுவும் காட்டவில்லை, இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கிறது:* எங்கோ வழி அறுந்திருக்கிறது. எம்சிபியை (ஷார்ட், ஓவர்லோடு வந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) இறக்கி, பிளக் வெளியே இருப்பதை உறுதி செய்துகொண்டு, கீழ் மூடியைக் கழற்றுங்கள். மலிவானதிலிருந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

கட்-அவுட்: நடுவில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் "டிக்" என்று சத்தம் கேட்டால் அது விழுந்திருந்தது என்று அர்த்தம். செலவு ஒன்றுமில்லை. ஆனால் அது சும்மா விழாது. தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால்தான் விழும். மறுபடியும் விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று பொருள். தினமும் பொத்தானை அமுக்கி ஓட்டுவது டேங்கில் பிரஷர் ஏற்றும் வேலை. கட்-அவுட்டை ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. அதைக் கண்டால் கீசரைப் போடவே போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட்: ஆறிய நிலையில் அதன் இரண்டு முனைக்கும் நடுவே 0 ஓம் பக்கம் வர வேண்டும். 1 மட்டும் நின்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. சில நூறு ரூபாய்க்குள் முடியும்; அதே நீளமும் அதே ஆம்பியரும் உள்ளதை வாங்குங்கள்.

காயில்: ஒரு பக்க ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். அப்போதும் 1 மட்டும் நின்றால் காயில் உண்மையாகவே அறுந்துவிட்டது.

*மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்:* காயிலை மாற்றுவது. தண்ணீரை முழுவதும் வடித்து, ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ஒழுகும், ஒழுகல் நேராக டெர்மினல் மேல்தான் விழும். திறந்ததோடு, டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அது கரைந்து கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும்.

அறிகுறி 3: சூடாகிறது, ஆனால் ரொம்ப நேரம் ஆகிறது

இதில்தான் கணக்கு அதிகம் உதவும், காயில் வீணாக மாற்றப்படுவதும் இதில்தான் அதிகம்.

எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, அதை 1.163-ஆல் பெருக்கினால் வாட்-மணி வரும். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 15 × 32 × 1.163, அதாவது 558 வாட்-மணி வேண்டும். 2000 வாட்டில் அது 17 நிமிடம். 25 லிட்டர் டேங்க் என்றால் 28 நிமிடம். மார்கழியில் தொட்டித் தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கினால் 15 லிட்டருக்கே 20 நிமிடம் ஆகும். உங்களுக்கும் இந்தக் கணக்குப்படியே நேரம் ஆனால் கீசரில் கோளாறே இல்லை.

கணக்கை விட அதிக நேரம் ஆகிறது என்றால் மினுக்கை எண்ணி வாட்டை எடுங்கள். கீசர் ஓடும்போதே, பக்கத்தில் வேறொரு சாக்கெட்டில் வோல்ட்டையும் எடுங்கள். மல்டிமீட்டர் ஏசி வோல்ட் 750 ரேஞ்சில் இருக்கட்டும். செருகி வைக்கும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர் இருந்தால் இன்னும் பத்திரம்.

உதாரணத்துக்கு மினுக்கு 80, அதாவது 1500 வாட். இதே 1500 வாட் மூன்று வேறு கோளாறுகளைக் காட்டலாம்.

*வோல்ட் 200:* 200 × 200 ÷ 1500 = 26.7 ஓம். காயில் நன்றாக இருக்கிறது. வோல்டேஜ்தான் கம்மி. வோல்ட் 13 சதவீதம் குறைந்தால் வாட் 24 சதவீதம் குறையும், ஏனென்றால் கணக்கில் வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 180 வோல்ட்டில் இதே கீசர் 1225 வாட்தான் கொடுக்கும்; 17 நிமிடம் 27 நிமிடமாகிவிடும். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். கூடுதல் நேரம் ஓடினாலும் செலவாகும் யூனிட் ஏறக்குறைய அதேதான். எல்லா நேரமும் 200-க்குக் கீழே நின்றால் ஈபிக்குப் புகார் கொடுப்பதே வழி.

*வோல்ட் 230, பின்னில் ஓம் 35:* 230 × 230 ÷ 1500 = 35.3. உள்ளே இருப்பது 1500 வாட் காயில். முன்பு ஒரு தடவை மாற்றியபோது கையில் இருந்ததை மாட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் 2000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அவசரமில்லை, அடுத்த சர்வீஸில் சரியான வாட் போடச் சொல்லுங்கள்.

*வோல்ட் 230, பின்னில் ஓம் 26.5, ஆனாலும் வாட் 1500:* கீசருக்கு வெளியே எங்கோ ஒரு ஜாயின்ட் கரண்டைத் தடுக்கிறது. கீசரை உடனே அணைத்துவிட்டு அறிகுறி 4-க்குப் போங்கள்.

காயிலில் சுண்ணாம்பு படிந்ததால்தான் லேட்டாகிறது என்று பலர் சொல்வார்கள். படிவு ஓமை மாற்றாது, வாட்டையும் மாற்றாது. உள்ளே போன 2000 வாட் எங்கேயும் போகாமல் தண்ணீருக்கே வந்து சேரும். படிவு செய்வது வேறு: காயிலுக்குள் சூடு தேங்கி அது சீக்கிரம் அறுந்துபோகும், கெட்டில் போல உறுமும், தெர்மோஸ்டாட் குழாயைச் சுற்றிப் படிந்தால் நேரத்துக்கு முன்பே கட் ஆகிவிடும். அதாவது தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே ஹீட்டிங் லைட் அணைகிறது என்றால் படிவைச் சந்தேகியுங்கள். லைட் அணையாமல் நெடுநேரம் எரிந்தால் படிவு காரணமில்லை.

*இன்ஸ்டன்ட் கீசர்* வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3000 வாட் கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும்போது தண்ணீரை 14 டிகிரிதான் ஏற்றும். சென்னையில் 28 டிகிரித் தண்ணீர் 42 ஆகும், குளிக்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ 15 டிகிரியில் வரும் தண்ணீர் 29-இல் நின்றுவிடும். குழாயைப் பாதியாக மூடி ஓட்டத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. மலைப்பகுதிக்கு இன்ஸ்டன்ட் வாங்கியதே தப்பு.

அறிகுறி 4: பிளக் டாப் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறுகிறது, கருகல் வாடை

லூஸ் கான்டாக்ட். அரை ஓம் தடை இருந்தால் போதும். 8.7 ஆம்பியர் போகும்போது அங்கே 8.7 × 8.7 × 0.5 = 38 வாட் சூடு உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் சொருகி வைத்தது போல. கீசரில் அந்த 38 வாட் குறைந்தது யாருக்கும் தெரியாது. சாக்கெட் உருகும்போதுதான் தெரியும்.

மெல்லிய அரை ஓமை மல்டிமீட்டரில் பிடிப்பது கஷ்டம். கணக்கில் பிடிக்கலாம். டிபி பாக்ஸுக்கு (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) பக்கத்து சாக்கெட்டில் 228 வோல்ட், மினுக்கில் 1837 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 228 × 228 ÷ 1837 = 28.3 ஓம். பின்னில் அளந்த காயில் 26.5. மீதி 1.8 ஓம் வழியில் இருக்கிறது. ஆம்பியர் 1837 ÷ 228 = 8.06. வழியில் வீணாகும் சூடு 8.06 × 8.06 × 1.8, அதாவது சுமார் 117 வாட்.

இதில் ஒயருக்கு எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0075 ஓம். டிபியிலிருந்து 20 மீட்டர் தூரம் என்றால் போக வர 40 மீட்டர், 0.3 ஓம். மிச்சம் 1.5 ஓம் ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ 1 ஸ்கொயர் ஒயர் இழுத்திருந்தால் ஒயர் மட்டுமே 0.75 ஓம் ஆகும். லைட்டுக்குப் போட்ட ஒயரில் கீசர் ஓடுவது அப்படித்தான் தெரியவரும்.

எளிய வேலையிலிருந்து வரிசை: டாப் ஸ்குரூவை இறுக்குவது, டாப்பை மாற்றுவது, 16 ஆம்பியர் சாக்கெட்டையும் மாற்றுவது, சுவிட்ச், கடைசியில் ஒயர். டாப் கருகியிருந்தால் சாக்கெட்டை விட்டுவைக்காதீர்கள். ஒரு தடவை சூடேறிய பித்தளை கிளிப்பின் இறுக்கம் போய்விடும், புது டாப்பையும் அதுவே கருக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ஷன் பிளக் போட்டு கீசர் ஓட்டுவது கூடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே.

*எலக்ட்ரீஷியன் வர வேண்டிய இடம்:* சாக்கெட் மாற்றியும் சுடுகிறது, சுவருக்குள் இருந்து வாடை வருகிறது, அல்லது ஒயர் தோல் விறைத்து நொறுங்குகிறது.

அறிகுறி 5: எம்சிபி இறங்குகிறது

எப்போது இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

*போட்ட உடனே "டப்" என்று:* ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள். நின்றால் கோளாறு கீசரில், நிற்காவிட்டால் ஒயரிங்கில். கீசர் பின்னில் 26-க்குப் பதில் 1 ஓம், 2 ஓம் என்று காட்டும். டெர்மினலில் ஒயர் தோல் உருகி ஒட்டியிருப்பது சாதாரணமாக நடக்கும்.

*பத்து, இருபது நிமிடம் கழித்து:* ஓவர்லோடு அல்லது எம்சிபியின் ஸ்குரூவே லூஸ். 2000 வாட் கீசர் தனியாக 8.7 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு இறங்கக் கூடாது. அதே சர்க்யூட்டில் இன்னொரு 2000 வாட் கீசர் இருந்தால் 17.4, இது உடனே இறக்காது, இழுத்துப் பிடித்து எப்போதாவது இறக்கும். 3000 வாட் கீசரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 16.3. லோடு சரியாக இருந்தும் இறங்கினால் எம்சிபி டெர்மினல் சூடாகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். லூஸ் ஸ்குரூவின் சூடே எம்சிபியைத் தட்டிவிடும். ஒயரை மாற்றாமல் 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது தீர்வு இல்லை. அப்புறம் எம்சிபிக்கு முன்னால் ஒயர்தான் எரியும்.

கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பேஸ் ஒயரை மட்டும் கிளாம்புக்குள் விட வேண்டும். முழு கேபிளையும் பிடித்தால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று கழித்து 0 காட்டும்.

அறிகுறி 6: ஆர்சிசிபி இறங்குகிறது, அல்லது தண்ணீரில் ஷாக் அடிக்கிறது

இரண்டும் ஒரே கோளாறு. ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே வெட்டும் சுவிட்ச், இருக்கும் வீட்டில் அது இறங்கும், இல்லாத வீட்டில் ஆளுக்கு அடிக்கும்.

ஷாக் அடித்தால் ஈரக் கையோடு பாத்ரூம் சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்து டிபியில் மெயினை இறக்குங்கள். அதன் பிறகே மற்றது.

பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரை 2 மெகா ஓம் ரேஞ்சில் வைத்து, எர்த் பின்னுக்கும் மற்ற ஒவ்வொரு பின்னுக்கும் நடுவே அளங்கள். புரோப் முனையில் விரல் படக் கூடாது, உடம்பின் ஓமும் சேர்ந்துவிடும். 1 மட்டும் நிற்க வேண்டும். கிலோ ஓமில் ஏதாவது வந்தால் காயில் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் நடுவே இறங்கும். 230 ÷ 0.030 = 7700 ஓம், 230 ÷ 0.015 = 15,300 ஓம். கசிவு ஓம் 7700-க்குக் கீழே போனால் கட்டாயம் இறங்கும், 15,000-க்கு மேலே இருந்தால் கீசர் மட்டும் அதை இறக்காது. ஃபிரிட்ஜ், மோட்டார் என்று மற்றவற்றின் கசிவும் கூடினால் இறக்கும்.

மல்டிமீட்டரில் எதுவும் காட்டவில்லை என்றால் காயில் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. அது ஒன்பது வோல்ட் பேட்டரியில் அளக்கிறது. மயிரிழை விரிசல் 230 வோல்ட்டில்தான், அதுவும் சூடான பிறகுதான் வேலையைக் காட்டும். போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஆர்சிசிபி இறங்குகிறது என்றால் இதுதான். 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மீட்டர்) வைத்து அளக்க வேண்டும், அது எலக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே இறங்குகிறதா? சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் கீசருக்குள்ளேயே நிற்கும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் வீட்டில் வேறு எதைப் போட்டாலும் ஆர்சிசிபி இறங்கும். கீசர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆர்சிசிபி இறங்குகிறது என்று அதை பைபாஸ் செய்வதும், எர்த் ஒயரைக் கழற்றிவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. "எர்த் இருக்கே, எம்சிபி பார்த்துக்கும்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வீட்டு எர்த் குழி 20 ஓம் என்றால், பேஸ் முழுவதுமாக கீசர் உடம்பைத் தொட்டாலும் ஓடுவது 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்துச் சும்மா இருக்கும். நல்ல குழி, 5 ஓம் என்றாலும் 46 ஆம்பியர்தான். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக இறங்க 80-லிருந்து 160 ஆம்பியர் வரை வேண்டும். அது சூடாகி இறங்கும் வரை கீசர் உடம்பு, குழாய், ஷவர் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். நனைந்த உடம்பை 1000 ஓம் என்று எடுத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஆர்சிசிபி 30-க்குள்ளேயே வெட்டிவிடும்.

மெயினை இறக்கியும் குழாயில் ஷாக் அடித்தால் கீசர் காரணமில்லை. பக்கத்து வீட்டிலிருந்தோ பொது மோட்டாரிலிருந்தோ பைப் வழியாக வருகிறது. இந்த அறிகுறியில் நீங்களாகச் செய்ய வேண்டியது அளப்பது வரைக்கும்தான்.

அறிகுறி 7: கீசர் போட்டால் வீட்டு லைட் மங்குகிறது, அல்லது பளிச்சென்று கூடுகிறது

*மங்குகிறது:* கீசர் அணைந்திருக்கும்போது 230, போட்டபின் 215 என்று வைத்துக்கொள்ளுங்கள். 215 ÷ 26.5 = 8.1 ஆம்பியர். விழுந்த 15 வோல்ட் ÷ 8.1 = 1.85 ஓம். வீணாகும் சூடு 15 × 8.1, சுமார் 122 வாட். ஸ்டிக்கரில் உள்ள 8.7 ஆம்பியரை இங்கே போடாதீர்கள். அது 230 முழுதாகக் கிடைக்கும்போதுதான். பாத்ரூம் பக்கத்து சாக்கெட்டில் மட்டும் 15 வோல்ட் விழுகிறது, ஹாலில் விழவில்லை என்றால் அந்த சர்க்யூட் ஒயர். வீடு முழுக்க விழுகிறது என்றால் மெயின், மீட்டர் பக்கத்து ஃபியூஸ், அல்லது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர். மீட்டருக்கு முன்னால் உள்ளது ஈபியின் பொறுப்பு. நீங்களோ தனியார் எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது.

*பளிச்சென்று கூடுகிறது:* த்ரீ பேஸ் வீடு என்றால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் லூஸாகிறது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. ஒரு பேஸில் கீசர் லோடு ஏறினால் மற்ற பேஸ்களின் வோல்டேஜ் எகிறும், 300-ஐக்கூடத் தாண்டலாம். 26.5 ஓம் கீசர் அந்த பேஸில் இருந்தால் 300 × 300 ÷ 26.5 = 3400 வாட். கீசர் ஒருவேளை தாங்கும். டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, எல்இடி தாங்காது. மெயினை இறக்கிவிட்டு ஈபியின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்யுங்கள். ஈபி ஆட்கள் நியூட்ரலைப் பார்த்து முடிக்கும் வரை மெயினை ஏற்ற வேண்டாம்.

அறிகுறி 8: வெந்நீர் நன்றாக வருகிறது, பில் மட்டும் எகிறுகிறது

2000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். ஸ்டிக்கரும் ஓமும் ஒத்துப்போனால் கீசர் "அதிகமாக இழுக்க" வழியே இல்லை; அதிக நேரம் ஓடத்தான் முடியும். ஆகவே வாட்டை விடுங்கள், ஹீட்டிங் லைட் ஒரு நாளில் எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள்.

லைட் அணையவே இல்லை, தண்ணீர் ஆவி பறக்கக் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. அன்றே மாற்ற வேண்டியது. யாரும் குளிக்காத நேரத்திலும் லைட் அடிக்கடி எரிகிறது என்றால் வெந்நீர் எங்கோ ஒழுகுகிறது: வெந்நீர்க் குழாயின் வாஷர், சேஃப்டி வால்வு, டைல்ஸுக்குப் பின்னால் உள்ள பைப். குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நிரம்பினால் நாளுக்கு 48 லிட்டர். 48 × 32 × 1.163 = 1786 வாட்-மணி. கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால் தினம் 1.8 யூனிட், 60 நாளில் 107 யூனிட். இலவச யூனிட் கிடைக்கும் வீட்டில் அதில் பெரும்பகுதியை இந்த ஒழுகலே தின்றுவிடும். வாஷர் பத்து ரூபாய் சமாச்சாரம். வாஷர் மாற்றியும் நிற்காமல் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். வால்வை எம்-சீல் வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள், டேங்கில் ஏறும் பிரஷர் வெளியேற அதுதான் வழி.